மலையில் நாற்று துவண்டால் முதலில் தண்ணீரின் குளிரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண் இல்லாமல் தண்ணீரிலேயே கீரையும் லெட்யூஸும் வளர்ப்பது பற்றி உங்கள் தோட்டப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் கோத்தகிரி பக்கத்திலும் பல வீடுகளில் கண்ணாடி போட்ட வராந்தாவிலும் பின்கட்டிலும் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் மலையில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கட்டுரைகளில் ஒரு பெரிய குறை தெரிகிறது. நாற்று துவண்டால் என்ன செய்வது என்று அவற்றில் வரும் யோசனைகள் முழுக்கச் சமவெளிக்கானவை. சென்னைக்கும் மதுரைக்கும் அவை சரி. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அதையே செய்தால் பிழைக்க வேண்டிய நாற்றும் போய்விடும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, இடம் கொடுத்துப் போட்டால் மலை வாசகர்கள் பலருக்கு உதவும்.

சமவெளியில் தொட்டித் தண்ணீர் சூடாவதுதான் பிரச்சினை. மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், வேர் மூச்சுத் திணறி அழுகும், செடி துவளும். அதனால் ஐஸ் பாட்டிலைத் தொட்டியில் போடுங்கள், நிழல் வலை கட்டுங்கள் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர்.

டிசம்பர், ஜனவரியில் ராத்திரி வானம் தெளிந்திருந்தால் ஊட்டியைச் சுற்றி தலைக்குந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்களில் உறைபனி விழுந்து புல்வெளியே வெள்ளையாகிவிடுகிறது, வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் அந்த அளவுக்கு இல்லை. இருந்தாலும் சிமெண்ட் தரையில் வைத்த 20 லிட்டர் டப்பாவின் தண்ணீர் விடியும்போது 10 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எட்டு மணி வாக்கில் வெயில் கண்ணாடி வழியாக இலைமேல் சுளீரென்று விழுகிறது. உயரமான இடம் என்பதால் வெயிலின் உறைப்பும் அதிகம். இலை உடனே ஈரத்தை ஆவியாக விட ஆரம்பிக்கிறது, வேரோ இன்னும் குளிர்ந்த தண்ணீரிலேயே கிடக்கிறது. குளிரில் தண்ணீரே பாகு கூடி மெதுவாக நகரும், 20 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில் அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதோடு வேர்ச் செல்களின் சவ்வில் தண்ணீர் நுழையும் வழிகளும் குளிரில் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. குளிரில் விறைத்த விரலை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கச் சொல்வது போலத்தான் அந்த வேரின் நிலைமை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தில் தலையைத் தொங்கப்போடுகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. "அக்கா, தண்ணி ரொம்பியிருக்கு, உரமும் ஊத்திட்டேன், அப்புறம் ஏன் காலையில எல்லாம் படுத்துடுது?" படுத்துவிடுவது காலையில் மட்டும்தானா என்று கேட்டேன். ஆமாம், மத்தியானம் ஒரு மணிக்கு மேல் தானாக நிமிர்ந்துவிடுகிறது என்றாள். பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. வெயில் ஏறி இலை துவண்டு, மத்தியானம் தண்ணீர் சூடு பிடித்ததும் நிமிர்ந்தால் அது குளிர்ந்த வேர்தான், வேறு நோயைத் தேடிப் போக வேண்டாம். அவள் தொட்டி வாங்கின கடையில் போனில் கேட்டதற்கு, நியூட்ரியன்ட் பத்தவில்லை, டோஸை ஏற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் எத்தனை டிகிரி என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் மலையில் பல நாற்றுகள் சாவது குளிரால் அல்ல, குளிரைப் பசி என்று நினைத்து ஊற்றும் உரத்தால்.

விதை முளைத்து முதல் நிஜ இலை வரும்வரை வெறும் தண்ணீரே போதும், விதையிலேயே அதற்கான உணவு இருக்கிறது. அதற்கப்புறம் லெட்யூஸ் நாற்றுக்கு இ.சி.யை, அதாவது கரைந்த உர உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனை, 0.5 மில்லிசீமென்ஸில் தொடங்கி மெல்ல 0.8, 1.0 என்று கொண்டுபோனால் சரி, வளர்ந்த செடிக்கே 1.2 முதல் 1.8 தான். நாற்றுப் பருவத்தில் 2-க்கு மேல் ஏற்றினால் வெளியே இருக்கும் உப்பே வேரிலிருந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏற்கெனவே குடிக்கத் திணறும் வேருக்கு அது இரண்டாவது அடி. இலை ஓரம் காய்ந்து பழுப்பாகிச் சுருண்டால் அதுதான் உப்பு.

இ.சி. மீட்டரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீரின் மின்கடத்தும் திறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். மீட்டர்கள் 25 டிகிரியை வைத்துக் கணக்குப் பண்ணுகின்றன. வெப்பத்துக்கு ஏற்பத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத பேனா மீட்டரை 10 டிகிரித் தண்ணீரில் விட்டால் உண்மையான அளவைவிட 30 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். காலையில் மீட்டரைப் பார்த்தவர் உரம் குறைந்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், மறுநாள் இன்னும் கொஞ்சம். மீட்டர் வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் அளக்கலாம். சில மீட்டர்கள் இ.சி. காட்டாமல் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு) மட்டும் காட்டும், அதிலும் 1.0 இ.சி.யை ஒரு கம்பெனி 500 என்றும் இன்னொன்று 700 என்றும் போடுகிறது. யாராவது உங்களுக்கு பி.பி.எம். கணக்கில் ஆலோசனை சொன்னால் எந்த மீட்டர் என்று கேட்காமல் பின்பற்றாதீர்கள்.

துவண்ட நாற்றைக் கண்டதும் கையை உரப் பாட்டிலுக்குக் கொண்டுபோகாமல் முதலில் எந்த நேரத்தில் துவள்கிறது என்று பார்ப்பதும், அடுத்து ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விடுவதும்தான் என் பழக்கம். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரே போதும், தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டருக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதை வாங்குங்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான். 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தும் துவண்டால் நாற்று நிற்கும் வலைக்கோப்பையை மெதுவாகத் தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ தந்த நிறத்திலோ, தொட்டால் விறைப்பாக இருந்தால் வேர் நன்றாக இருக்கிறது. பழுப்பாகி, வழவழவென்று, லேசாக இழுத்தால் மேல்தோல் கழன்று கையோடு வந்து, ஒரு சாக்கடை நாற்றம் அடித்தால் வேரழுகல், பெரும்பாலும் பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற கிருமியால் வருவது. உரத்தின் நிறத்தால் வேர் பழுப்பாவதும் உண்டு, ஆனால் அந்த வேர் வழுக்காது, நாறாது. வேர் நன்றாக இருந்து தண்டு மட்டும் ஸ்பாஞ்சை ஒட்டின இடத்தில் நூல் மாதிரி இளைத்து மடங்கியிருந்தால் அது நாற்றழுகல், அந்த நாற்று நிமிராது. எடுத்துப் போட்டுவிட்டு ஸ்பாஞ்சையும் மாற்றிவிட வேண்டும், பழைய ஸ்பாஞ்சை அலசித் திரும்பப் பயன்படுத்துவது நோயை அடுத்த நாற்றுக்குக் கொடுப்பதுதான். தண்டு ஆரோக்கியமாக, ஆனால் ஒல்லியாக நீண்டு தலை பாரம் தாங்காமல் சாய்ந்திருந்தால் அது துவண்டதே அல்ல, வெளிச்சம் பத்தாமல் எட்டிப் பார்க்கிறது. அதற்கு விளக்கை அருகில் இறக்குவதுதான் வைத்தியம்.

குளிருக்கு என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். தொட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒரு மரப்பலகை, அதன்மேல் நாலைந்து மடிப்பு சாக்கு, அதன்மேல் தொட்டி, பழைய கம்பளி ஒன்றை எடுத்துப் பக்கங்களைச் சுற்றிவிடுங்கள். கம்பளி வெளிச்சத்தையும் மறைப்பதால் பாசியும் பிடிக்காது. முடிந்தவரை பெரிய தொட்டியாக வையுங்கள், 5 லிட்டர் டப்பா ஒரே ராத்திரியில் குளிர்ந்துவிடும், 40 லிட்டர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஏர் பம்ப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலர் சத்தம் கேட்கிறது என்று அதை வெளியே திண்ணையில் வைத்துவிடுகிறார்கள், ராத்திரி முழுக்க அது வெளியில் இருக்கும் பனிக்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டே இருக்கும். பம்பை வீட்டுக்குள், தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில் வைக்க வேண்டும். தாழ்வாக வைத்தால் கரண்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் பத்தாவிட்டால் மீன்தொட்டி ஹீட்டர் போடலாம், லிட்டருக்கு ஒரு வாட் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குப் போதும். தானாக அணைந்து எரியும் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்கி 18 அல்லது 20-ல் வையுங்கள். குளிக்க வெந்நீர் போடும் ராடைத் தயவுசெய்து தொட்டியில் விடாதீர்கள். சிலர் பத்து நிமிஷம்தானே என்று விடுகிறார்கள், கம்பியைச் சுற்றித் தண்ணீர் கொதித்துப் பக்கத்து வேர் வெந்துவிடும், அதைவிடப் பெரிய விஷயம் உரம் கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எந்த ஹீட்டராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும், கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் வீட்டில் இருந்தாக வேண்டும். ஹீட்டர் வாங்க முடியாதவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. காலை ஒன்பது, பத்து மணி வரைக்கும் கிழக்கு ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைக் கட்டி வெயிலை மறைத்துவிடுங்கள். தண்ணீர் கொஞ்சம் சூடு பிடித்த பிறகு வெயில் விழட்டும். இது ஒன்றே என் அக்கம்பக்கத்தில் நிறைய நாற்றுகளைக் காப்பாற்றியிருக்கிறது. எல்.இ.டி. விளக்கில் வளர்ப்பவர்கள் விளக்கு எரியும் நேரத்தை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம், விளக்கின் சூடு குளிர்ந்த நேரத்தில் பயன்படும்.

சூடு நல்லது என்று 28 டிகிரிக்குக் கொண்டுபோய்விடவும் கூடாது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் அதே சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் முக்கால் பங்குதான். கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் என்றால் ஊட்டியில் 7. வேருக்கு அது தாராளம், ஆனால் சூட்டை ஏற்ற ஏற்ற அதுவும் குறையும், வேரின் தேவையோ கூடும். சமவெளிக்காரர்களுக்கு இருக்கும் பிரச்சினையை நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக் கூடாது. நாற்று சின்னதாக இருக்கும்போது தண்ணீர் கோப்பையின் அடியைத் தொட்டால் போதும். வேர் கீழே நீண்டதும் மட்டத்தை இரண்டு விரற்கடை இறக்கி, வேரின் மேல்பாகம் ஈரக்காற்றில் இருக்கும்படி விட்டால் அது காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்ளும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பம்பே இல்லாமல் லெட்யூஸ் வளர்க்கக் காட்டிய முறை இந்தக் காற்றிடைவெளியை நம்பித்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருக்கும் எங்கள் ஊர்களுக்கு அந்த முறைதான் பொருத்தம் என்பது என் கருத்து. குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடும் என்.எஃப்.டி. அமைப்பை விளம்பரம் பார்த்து வாங்கிவிடுகிறார்கள், அதில் பம்ப் நின்ற கொஞ்ச நேரத்திலேயே வேர் காய ஆரம்பித்துவிடும்.

மூடுபனி மாதங்களில் துவள்வது வேறு கதை. கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையிலும், எங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் நாள் கணக்கில் வெயிலே தெரியாது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலை ஆவியை விடாது, வேரும் வேலை செய்யாமல் சோம்பிக் கிடக்கும். திடீரென்று ஒருநாள் மேகம் விலகிப் பளிச்சென்று வெயிலடித்தால் மொத்த நாற்றும் சரிந்துவிடும். பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்துப் பழக்கினால் நிமிர்ந்துவிடும். அந்த மாதங்களில் ஒரு சின்ன விசிறியை ஓடவிட்டால் நாற்றழுகலும் குறையும், இலைநுனி கருகுவதும் குறையும்.

அப்புறம் எங்கள் ஊர்த் தண்ணீர். சமவெளியில் போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். மலையில் ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் பெரும்பாலும் மென்மையானவை, ஆர்.ஓ. தேவையில்லை. ஆனால் மென்மையான தண்ணீருக்கு பி.எச். மாறாமல் தாங்கிப்பிடிக்கும் சக்தி குறைவு, சமவெளி அளவைப் பார்த்து அமிலத்தை ஊற்றினால் ஒரே ஊற்றில் 4-க்கு இறங்கிவிடும். சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கி, கொஞ்ச நேரம் கழித்து அளந்து 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாறு விடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதைக் கிருமிகள் தின்றுவிட்டதும் பி.எச். மறுபடி ஏறும், அந்தக் கிருமிகள் தண்ணீரின் ஆக்சிஜனையும் சேர்த்தே செலவழிக்கும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் விஷயமும் இதேதான். நீலகிரியில் இயற்கை விவசாயத்தின் மேல் இருக்கும் ஆர்வத்தில் பலர் அதைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். மண்ணுக்கு அருமையான பொருள், நானும் கேரட் பாத்திக்கு ஊற்றுகிறேன். தேங்கின தண்ணீரில் அது புளித்து, ஆக்சிஜனைத் தின்று, வேரை அழுகவைக்கும். 19:19:19 உரத்தை மட்டும் கரைத்து ஊற்றுகிறவர்களும் நிறைய. அதில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது, யூரியாவைச் செடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் மண் கிருமிகள் தொட்டித் தண்ணீரில் போதிய அளவு இல்லை. மென்மையான தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதனால் கால்சியம் நைட்ரேட் தனி பாட்டிலாக வரும் ஏ, பி உரம்தான் இங்கே சரிப்படும். இரண்டையும் கெட்டியாக ஒன்றாகக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், ஒன்றைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கின பிறகு அடுத்ததை ஊற்ற வேண்டும்.

குளிர்காலத்தில் இலையின் அடிப்பக்கமும் தண்டும் ஊதா நிறமாகும், அதைப் பார்த்து மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறை என்று உரம் சேர்க்கச் சொல்வார்கள். மணிச்சத்து தொட்டியில் இருக்கிறது, குளிர்ந்த வேரால் எடுக்க முடியவில்லை. தண்ணீரைச் சூடாக்கிவிட்டுப் புதிதாக வரும் இலையைப் பாருங்கள். ஊதா நிற லெட்யூஸ் ரகங்களுக்கு அந்த நிறம் இயல்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இரண்டு. இனிமேல் தோட்டப் பக்கத்தில் ஹைட்ரோபோனிக்ஸ் பற்றி எழுதும்போது ஐஸ் பாட்டில் யோசனைக்குப் பக்கத்திலேயே மலைப்பகுதி வாசகர்களுக்கு என்று தனியாக நாலு வரி சேருங்கள், தண்ணீரின் வெப்பநிலையை எழுதாமல் உர அளவை மட்டும் எழுதாதீர்கள். இன்னொன்று, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கும் விஞ்ஞானிகளிடம் உங்கள் நிருபரை அனுப்பி, வீட்டுத் தொட்டியில் மாதவாரியாகத் தண்ணீர் எவ்வளவு குளிரும், எந்த மாதத்தில் எந்தக் கீரையைத் தொடங்கலாம் என்று கேட்டு ஒரு முழுப் பக்கம் போட்டால் நாங்கள் வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வோம். நவம்பர் பிறப்பதற்குள் வந்தால் இந்த வருஷ உறைபனிக்கே பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.